பிள்ளைகளின் அலமாரியை ஒழிக்கும் முன்

அண்ணனூரில் மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கும் பெற்றோர்களுக்கு,

மார்கழி பாதி கழிந்ததும் போகிக்காக வீடு ஒழிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. பரணில் கிடக்கும் ஓடாத மிக்ஸி, கிழிந்த பாய், நசுங்கிய பாத்திரம் இவற்றோடு பிள்ளைகளின் புத்தகங்களும் கூடத்துக்கு இறங்குகின்றன. போன வருடத்துப் பாடநூல், கைடு, எழுதி முடித்த நோட்டு எல்லாம் ஒரு கட்டு. அந்தக் கட்டுக்குள்ளேயே மகன் நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கிய லயன் காமிக்ஸும், மகள் தோழியிடம் இரவல் வாங்கித் திருப்பித் தராத ரமணிசந்திரன் நாவலும், முதுகு பிய்ந்துபோன ராஜேஷ்குமாரும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பழைய பேப்பர் கடைத் தராசு வித்தியாசம் பார்ப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே ஜனவரியில்தான் நந்தனத்தில் சென்னைப் புத்தகக் காட்சியும் நடக்கிறது. 1977இல் அண்ணா சாலை மதரஸா பள்ளி வளாகத்தில் சில கடைகளோடு தொடங்கிய காட்சி அது. இன்று குடும்பம் குடும்பமாகப் போகிறோம். ஒரு வாரத்தில் பழையதைக் கிலோ கணக்கில் போட்டுவிட்டு, அடுத்த வாரத்தில் பத்து சதவீதக் கழிவில் புதியதை வாங்குகிறோம். வாங்கும்போதும், “உருப்படியா ஏதாவது எடு” என்று பிள்ளையின் கையில் இருப்பதைப் பிடுங்கி வேறொன்றைத் திணிக்கிறோம். இந்த இரண்டு வழக்கங்களையும் பற்றித்தான் இந்த மடல். பிள்ளை தானே தேர்ந்து சேர்த்த புத்தகங்கள், உங்கள் கண்ணுக்கு எவ்வளவு மட்டமாகப் பட்டாலும், பிள்ளைக்குச் சொந்தமானவை. கேட்காமல் எடுக்கவும் வேண்டாம், உட்கார்ந்து திருத்தவும் வேண்டாம் என்பது என் வாதம். தானே தேர்ந்து, அதில் ஏமாந்து, மறுபடியும் தேர்ந்துதான் ஒரு வாசகருக்கு ரசனை உருவாகிறது. பெரியவர்கள் போட்டுக்கொடுக்கும் பட்டியலால் அது வருவதில்லை. தமிழ் நூல்கள் பிழைத்த வரலாறே இதற்குச் சாட்சி சொல்லும்.

பட்டியலின் எல்லை எவ்வளவு குறுகலாக இருக்கும் என்பதற்கு உ.வே. சாமிநாதையரைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 1880இல் அவர் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசரவில்லை. இவற்றால் என்ன பயன், பழைய நூல்களைப் படித்ததுண்டா என்ற கேள்விதான் அவரிடமிருந்து வந்தது. சீவக சிந்தாமணியின் பெயரை அவர் எடுத்தபோது, ஐயர் அதைக் கேள்விப்பட்டிருந்தாரே தவிரப் படித்ததில்லை. பிறகு முதலியாரே ஒரு பிரதியைக் கொடுத்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பின்னால் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் வந்த வழி அங்கேதான் திறந்தது. ஐயரே தம் தன்வரலாற்றில் இந்தச் சந்திப்பை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அன்றைய பாடத்திட்டம் மோசமானது அல்ல என்பதுதான். அதற்குள் மலையளவு படிப்பு இருந்தது. ஆனால் ஒரு பாடத்திட்டம் எதை விட்டுவிட்டது என்பதை அந்தப் பாடத்திட்டமே காட்டிக்கொடுக்காது. வெளியில் இருந்த ஒருவர், நீதிமன்ற வேலை பார்த்த ஒருவர், தம் சொந்த ருசிக்காக ஒரு சுவடியைத் தேடி வைத்திருந்ததால்தான் அந்த ஓட்டை தெரிந்தது. மறுபுறம், பயனற்றவை என்று ஆற்றில் விட்ட சுவடிகளையும், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் நெய் தோய்த்து ஹோமத் தீயில் இட்ட சுவடிகளையும் பற்றி ஐயர் எழுதியதைப் படித்தால் வயிறு எரியும். அதைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் இடத்தை ஒழித்தவர்கள்தான்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். காரைக்குடி அருகே கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் சேர்த்தவற்றில் பழைய இலக்கண நூல்கள் இருந்தன. கூடவே நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், காலணா விலைக்குத் தெருவில் விற்ற சிந்துகள், துண்டறிக்கை, அழைப்பிதழ் என்று எந்த நூலகமும் அன்று சீந்தாத சரக்கும் இருந்தது. 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கி, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுவியது. இன்று தரமணியில் உட்கார்ந்து தமிழ் நாடகத்தையும் பேச்சுவழக்கையும் பழைய விளம்பரங்களையும் ஆராய்கிறவர்கள் புரட்டுவது, பெரும்பாலான வீடுகளில் அடுப்பெரிக்கப் போன அந்தக் குப்பையைத்தான். முத்தையா, “உருப்படியானது” எது என்று நான்கு பெரியவர்களைக் கேட்டுவிட்டுச் சேர்த்திருந்தால் திருக்குறள் உரைகளும் கம்பராமாயணமும் மட்டுமே மிஞ்சியிருக்கும். அவை எப்படியும் வேறெங்காவது இருந்திருக்கும்.

“எல்லாம் சரி, என் பையன் படிப்பது வெறும் துப்பறியும் கதை” என்பீர்கள். இந்தக் கவலைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் சூடாக விற்றபோது, இளைஞர்கள் கெட்டுப்போவார்கள், பெண்கள் வீட்டுவேலையை மறப்பார்கள் என்று பத்திரிகைகளிலும் மேடைகளிலும் புலம்பல் எழுந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ நூல் அந்தப் புலம்பல்களைத் தேடியெடுத்துக் காட்டுகிறது. 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைக் கையில் எடுத்து நூற்றுக்கும் மேல் நாவல் எழுதிய வை.மு. கோதைநாயகிக்கும் இந்த வசவு தப்பவில்லை. இன்று அதே வடுவூராரின் பழைய பதிப்பு ஒன்று கிடைத்தால் ஆய்வாளர்கள் அலைந்து வருகிறார்கள். 1972இல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்களுக்காகத்தான் இன்று அந்தக் கதைகள் வழவழத் தாளில் மறுபதிப்பாகி வருகின்றன, வாங்குகிறவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். அப்படியானால் எல்லாக் குப்பையும் ஒரு நாள் மாணிக்கமாகிவிடுமா? ஆகாது. பெரும்பாலானவை குப்பையாகவே போகும். எது மிஞ்சும் என்று வாங்குகிற வயதில் நமக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது என்பதை மட்டுந்தான் சொல்கிறேன். அறுபது ராஜேஷ்குமார் படித்தவனுக்கு அறுபத்தோராவதில் முடிச்சு எங்கே அவிழும் என்று நடுவிலேயே தெரிந்துவிடும். அந்தச் சலிப்பு வருவதற்கு அறுபதையும் படித்திருக்க வேண்டும். சுஜாதாவிடமோ அசோகமித்திரனிடமோ அவனைத் தள்ளிவிடும் வலு அந்தச் சலிப்புக்கு உண்டு. நம் அறிவுரைக்குக் கிடையாது.

சொந்தமாகச் சேர்ப்பது என்றால் என்ன என்பதற்கு நம் ஊர் வீடுகளிலேயே ஓர் அத்தாட்சி கிடக்கலாம். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் கிழித்தெடுத்து, நூல் கோத்து, முதுகில் காலிகோ ஒட்டி பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் இருந்தன. அப்படி ஒரு தொகுதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்க எண்கள் ஓரிடத்தில் பதினைந்து என்றிருக்கும், அடுத்த தாளில் ஏழுக்குத் தாவும். மணியம் வரைந்த குந்தவைக்குப் பின்பக்கத்தில் ஏதோ ஒரு தலைவலி மருந்தின் விளம்பரம் பாதியில் அறுந்திருக்கும். முதல் தாளில் ஒரு பெயரும் ஒரு வருடமும் பேனா மையில். கடையில் இன்று கிடைக்கும் எந்தப் பதிப்பிலும் அந்த விளம்பரம் இல்லை, பெரும்பாலானவற்றில் அந்தப் படங்களும் இல்லை. ஒரு வாசகர் தனக்காகத் தைத்துக்கொண்ட அந்தத் தொகுதிதான் அந்தக் கதை முதன்முதலில் எப்படிப் படிக்கப்பட்டது என்பதற்கு ஆவணம். 2022இல் படம் வந்தபோது புதுப் பதிப்பு வாங்க வரிசையில் நின்ற பிள்ளைகளின் வீட்டிலேயே, தாத்தாவின் பைண்டு தொகுதி முந்தின போகிக்குப் போயிருக்கக்கூடும்.

நூலகம்தான் இருக்கிறதே, வீட்டில் எதற்கு என்பது நியாயமான கேள்வி. சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது நம் மாகாணம், 1948இல். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருக்கும் நூலகங்களுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் நூலகம் எப்படிப் பிறக்கிறது என்றும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க.மு. செல்லப்பா என்ற நீதிமன்ற ஊழியர் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்ததில் தொடங்கியது. 1981இல் தீக்கிரையானபோது அதில் 97,000 நூல்கள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. மறைமலையடிகள் நூலகம், பல்லாவரத்தில் அடிகள் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த ஏறக்குறைய நாலாயிரம் நூல்களை வித்தாகக் கொண்டு 1958இல் எழுந்தது. புதுக்கோட்டை ஞானாலயாவை ஆசிரியத் தம்பதியர் கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தம் சம்பளத்தில் வளர்த்தார்கள். பொது அலமாரிக்கு முன்னால் ஒரு வீட்டு அலமாரி எப்போதும் இருந்திருக்கிறது. இன்னொன்று, இரவல் புத்தகத்தில் பென்சில் கோடு போட முடியாது. இரண்டு வாரத்தில் பிடிக்காமல் போனதை இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும் வாய்ப்பும் அதில் குறைவு. பதினேழு வயதில் புரியாமல் மூடிய ஒரு மௌனி கதை, கண்ணெதிரே அடுக்கில் இருந்தால்தான் இருபத்தொன்றில் மறுபடி கூப்பிடும்.

தேர்வு என்ற தடையை லேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. நீட், போட்டித் தேர்வு, வளாக நேர்காணல் என்று வரிசையாக நிற்கிறது. ரயில்வேயிலோ ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைகளிலோ தேர்வெழுதி வேலைக்கு வந்த குடும்பங்கள் நிறைந்த ஊரில், ஒரு தேர்வு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்த நூலைக் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களால் அது நிரம்பி வழிகிறது. அவர்கள் படிப்பது வாசிப்பு அல்ல என்று மூக்கைச் சுளிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அது ஒரு வகை மட்டுமே. கேள்வி இணைக்கப்பட்ட பத்தியைத்தான் பாடநூல் தருகிறது. படித்து முடித்ததும் யாரோ விடை கேட்பார்கள் என்ற எச்சரிக்கை அதில் கூடவே வருகிறது. தானே வாங்கிய புத்தகத்தைப் பாதியில் மூடலாம், கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கலாம், பிடித்த பத்தியை நாலு முறை படித்துவிட்டு மிச்சத்தை விடலாம். இது எனக்கு வேண்டாம் என்று காரணத்தோடு ஒதுக்குவதும் ரசனையின் பகுதியே. மதிப்பெண் உள்ள இடத்தில் அந்தப் பயிற்சி நடக்காது. தேர்வு வருடத்தில் அலமாரிக்குத் துணி போட்டு மூடுங்கள், நான் குறுக்கே வரவில்லை. மூடுவதும் காலி செய்வதும் வேறு வேறு.

எல்லாம் போனில் இருக்கிறது என்பது அடுத்தது. இருக்கிறது, நல்லதுதான். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் இருக்கிறது. அரசின் தமிழ் மின்னூலகமும் உண்டு. ஒரு மாணவருக்கு இவ்வளவு பெரிய களஞ்சியம் எந்தத் தலைமுறையிலும் வாய்த்ததில்லை. ஆனால் யாரோ ஒருவர் அச்சுப் பிரதியை எறியாமல் வைத்திருந்ததால்தான் அது திரைக்கு வந்தது. சென்ற வருடத்துச் சிறு பத்திரிகையும் உள்ளூர்க் கவிஞர் தம் செலவில் போட்ட தொகுப்பும் இன்னும் யார் கையிலும் மின்னூலாகவில்லை. திருட்டு பிடிஎஃப் இருக்கிறதே என்றால், பதிலை அந்தக் கவிஞரிடமே கேளுங்கள்.

இடமும் பணமும் மெய்யான சிக்கல்கள். இரண்டு அறை வாடகை வீட்டில் நாலு பேர். டிசம்பர் மழைக்குத் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும் தெருக்கள். கீழ்த் தட்டில் எதை வைத்தாலும் நஷ்டம். அதனால்தான் நான் நூலகம் கட்டச் சொல்லவில்லை. ஒரு தட்டு, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். அது நிறைந்தால் எதை வெளியே அனுப்புவது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். அந்தத் தீர்மானம் நாலு திறனாய்வுக் கட்டுரைக்குச் சமம். பணத்தைப் பொறுத்தவரை, மாணவர் அலமாரி எப்போதும் மலிவு விலையைச் சார்ந்தே வளர்ந்திருக்கிறது. மர்ரே ராஜமும் சக்தி வை. கோவிந்தனும் மலிவுப் பதிப்பு போட்டபோது பழந்தமிழும் பாரதியும் எளியவர் வீட்டுக்குள் வந்தன. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சடித்த தமிழ் மொழிபெயர்ப்புகளை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அடிமாட்டு விலைக்கு விற்ற காலத்தில், தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் டால்ஸ்டாயையும் செகாவையும் சொந்தமாக வைத்திருந்தார்கள். 1991இல் சோவியத்து போனதும் அந்த ஓடை வற்றியது. அதே நியூ செஞ்சுரி இன்று நமக்கு மூன்று நிலையம் தள்ளி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் படியேறியிருப்போம்?

பழைய புத்தகச் சந்தைக்கும் நம் ரயிலுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. சென்ட்ரலில் நீங்கள் ஆவடி வண்டி பிடிக்கும் புறநகர் நிலையத்துக்கு ரயில்வே அட்டவணையில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர். அங்கே முன்பு நின்ற சிவப்புக் கட்டடச் சந்தையில்தான் ஒரு காலத்துச் சென்னை மாணவர்கள் பாடநூலும் பென்குவினும் பழைய மஞ்சரியும் பேரம் பேசி வாங்கினார்கள். 1985 மே மாதம் அது எரிந்தது. கடைக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு நகர்ந்தார்கள். சந்தை நின்ற நிலத்தில் நம் நடைமேடைகள் வந்தன. அங்கிருந்து அண்ணனூருக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் தினமும் ஒன்றரை மணி. வில்லிவாக்கம் தாண்டி உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் கையில் ஒரு மாத நாவல் இருந்தால் வாரத்துக்கு இரண்டு முடிந்துவிடும். அது எந்த நாவலாக இருந்தால் என்ன?

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பையனின் காமிக்ஸைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பெண்ணின் காதல் கதையைப் பார்த்துப் பதறுகிறோம். ரமணிசந்திரனைப் படிப்பவள் அந்தக் கதாநாயகியாகவே ஆகிவிடுவாள் என்றால், இரும்புக்கை மாயாவி படித்தவர்களெல்லாம் அவனைப் போல மின்கம்பியில் கை வைத்திருக்க வேண்டும். லக்ஷ்மியிலிருந்து அம்பைக்கும், சிவசங்கரியிலிருந்து ராஜம் கிருஷ்ணனுக்கும் நடந்துபோன வாசகிகள் ஏராளம். வழி அப்படித்தான் போகிறது. இன்னொரு இழப்பு யாரும் கணக்கில் எடுக்காதது. திருமணமாகிப் போகிறவள் பட்டுப்புடவையையும் பாத்திரத்தையும் எண்ணி எடுத்துக்கொண்டு போகிறாள். புத்தகங்கள் “அப்புறமா எடுத்துக்கலாம்” என்று அம்மா வீட்டிலேயே நிற்கின்றன. முதல் போகியோ இரண்டாவது போகியோ, அவை போய்விடும். ஆண்கள் சேர்த்தவை நூலகமான கதைகளை மேலே அடுக்கினேன். பெண்களின் பெயரில் ஒன்றிரண்டுக்கு மேல் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கடைசித் தடை, கொஞ்சம் கனமானது. பிள்ளை உண்மையிலேயே நஞ்சான ஒன்றைப் படித்தால்? சாதி வெறுப்பைப் பரப்பும் வெளியீடு, பொய் மருத்துவம், ஏமாற்று ஜோதிடம் என்று சந்தையில் எல்லாம் கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் எடுத்து எறிந்த புத்தகத்தைப் பற்றிப் பிள்ளையோடு விவாதிக்க முடியாது. அலமாரியில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி முடியும். நீங்களும் அதைப் படித்துவிட்டு, எங்கே தப்பு என்று சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடுங்கள். அதற்கு மறுப்பான இன்னொரு நூலை வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். படிக்க நேரமில்லை என்றால், தடுக்கவும் நமக்கு அவ்வளவாக உரிமையில்லை.

ஆகவே இந்தப் போகிக்குக் கேட்பது இவ்வளவுதான். கைடையும் நோட்டையும் தனியாகக் கட்டுங்கள், தாராளமாகப் போடுங்கள். கதை, கவிதை, காமிக்ஸ், பழைய இதழ் எதையும் பிள்ளையைக் கேட்காமல் கட்ட வேண்டாம். விடுதியில் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். பிள்ளையே வேண்டாம் என்று சொன்னதை எடைக்குப் போடுமுன் தெருவில் இன்னொரு பிள்ளைக்குக் காட்டுங்கள். 1960க்கு முந்தைய பதிப்போ தாத்தா பைண்டு செய்த தொகுதியோ கிடைத்தால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். புத்தகக் காட்சிக்குக் கூட்டிப்போனால் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பில் போட்டு முடியும்வரை நீங்கள் வெளியே சுண்டல் கடைப் பக்கம் நில்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு அதே வண்டியில் வரும் ஒரு வாசகர்
அண்ணனூர்